சாகரபுரியை உண்டாக்கியவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. கல்லில், தகரத்தில், தண்ணீர்த் தொட்டியில், ஒரு சத்திரத்தின் நெற்றியில் என்று தன் பெயரை அவரே போதுமான இடங்களில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் பங்குக்கு இன்னொரு இடம் எதற்கு?

உறையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. மெயின் ரோட்டில் மரம் அறுத்து விற்கும் மரவாடி வைத்திருந்தார். வாட்டசாட்டமான ஆள். சிரித்த முகம். தெருவில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் தலையைத் தடவிக் கொடுப்பார். நாங்கள் எல்லாரும் அவரை "மாமா" என்றுதான் கூப்பிட்டோம். இப்போது நினைத்தால் அந்தச் சொல்லை வாயிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவரிடம் ஒரு குணம் உண்டு. தான் போய்ச் சேர்வதற்கு முன்னால் எந்த இடத்திலும் எதுவும் இருந்ததாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது முனிசிபாலிட்டிக்கு மனு மேல் மனு போட்ட நெசவாளர் வீட்டுப் பெண்களால். குழாய் வந்த மறுநாள் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தப்ப இங்க என்னங்க இருந்துச்சு? புழுதி இருந்துச்சு, நாய் இருந்துச்சு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மனு போட்ட பெண்கள் குடத்தோடு அவர் பின்னால்தான் நின்றார்கள். தெருமுனை வேப்பமரத்தைக்கூடத் தான் வைத்ததாகச் சொல்வார். அந்த மரத்துக்கு அவரைவிட வயது அதிகம்.

அவர் மனைவி அதிகம் பேசாதவர். ஒருநாள் குழாயடியில் என் அம்மாவிடம், "எங்கம்மா என்னைப் பெத்ததே இவரு பொண்ணு பார்க்க வந்தப்புறந்தான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அம்மா வீட்டுக்கு வந்து வெகுநேரம் சிரித்தாள். எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சவுக்கு ஏலம் எடுக்கப் போன இடத்தில்தான் அவருக்குக் கடல் அகப்பட்டது. தஞ்சாவூர் தாண்டி ரயிலில் போய், இறங்கி, பஸ் ஏறி, பஸ்ஸும் நின்றுபோகும் இடத்திலிருந்து மாட்டுவண்டியில் போகவேண்டிய ஒரு கரை. சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி மணல், அதைத் தாண்டி மீனவர் குப்பம். அந்தச் சனங்கள் அதை நண்டுத்திட்டு என்று சொன்னார்கள். இவர் அதற்குச் சாகரபுரி என்று பெயர் வைத்துக்கொண்டு திருச்சிக்குத் திரும்பினார். வெள்ளைக்காரனுக்கு ஊட்டி, நமக்குச் சாகரபுரி என்பது அவர் போட்ட முதல் நோட்டீஸ். கோடைக்கு வந்து தங்க வீடுகள், குளிக்கத் துறை, காற்று வாங்க நடைபாதை, தபால் ஆபீஸ், நேரே பஸ் எல்லாம் வரப்போவதாகச் சொன்னார்.

எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்த ஊரை இலையிலேயே கட்டிவிடுவார். ரசத்தை விரலால் இழுத்து ரோடு போடுவார். ஊறுகாய் வைத்த இடம் தபால் ஆபீஸ். அப்பளம் நொறுங்கிக் கிடந்தால் அது குளிக்கும் துறை. பரிமாறுகிறவன் சாதத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் அப்பா, பெரிய கடைவீதி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், "ஏண்ணே, அந்தக் குப்பம் எங்க இருக்கு இதுல?" என்று கேட்டார். இவர் இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த முருங்கைக்காய்ச் சக்கையைக் காட்டிவிட்டு, "அது இங்கயே ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுது தம்பி" என்றார்.

இத்தனை பேசியும் திருச்சியில் ஒருவரும் அசையவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து சில குடும்பங்களையும் வரவழைத்தார். நானும் அம்மாவும் போயிருந்தோம். கடலின் அழகை அவர் சொல்லிக்கொண்டே போனபோது, முன்வரிசையில் இருந்த சித்திரை வீதி மாமி ஒருத்தி நிறுத்தினாள்.

"எல்லாம் சரி. அங்கே எழுந்தருளியிருக்கிற பெருமாள் யாரு?"

"கோயில் இனிமேத்தாங்க கட்டணும்."

"பெருமாளும் இல்லே, க்ஷேத்ரமும் இல்லே. பர்வ காலம் இல்லாம சமுத்திரத்தைத் தொடவே படாது. அமாவாசை, கிரகணம்னா ஸ்நானம் பண்ணலாம். மத்த நாள்லே அங்கே போய் என்ன பண்றது? பார்த்துண்டு நிக்கறதா?"

மண்டபமே சிரித்தது.  அவர் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒரே முறைதான். காவிரி ஓடுகிற ஊரில் இருப்பவர்களுக்குக் குளிக்க உப்புத்தண்ணீர் எதற்கு என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

ஆகவே சாகரபுரிக்கு முதலில் குடிபோனவர்கள் ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா சுலோசனா.

அக்காவை லால்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டாம் வருஷம் இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் என்று தெரிந்த வாரத்திலேயே அவள் புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். குணமாகட்டும், வந்து கூட்டிப்போகிறேன் என்றான். அடுத்த தையில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் வீட்டில் அவளுக்குப் பின்கட்டில் ஒரு அறை, தனித் தட்டு, தனி டம்ளர். அந்த டம்ளரின் விளிம்பில் அம்மா அடையாளத்துக்கு ஆணியால் கீறி வைத்திருந்தாள். அம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. வீட்டில் நாங்கள் சின்னவர்கள் இருந்தோம், அவள் என்ன செய்வாள்? புத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆரம்பித்தார்கள். தொடர்ந்து போடவேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும், காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

அப்போதுதான் அவர் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார். "தம்பி, பொண்ண எங்கிட்ட அனுப்பு. கடக்காத்துக்கு முன்னாடி எந்த வியாதியும் நிக்காது. குடிசை என் பொறுப்பு" என்றார். அம்மா அவர் காலில் விழுந்தாள். அவர் அதைத் தடுக்கவில்லை.

அந்தக் குடிசை அப்படி ஒன்றும் மாளிகை அல்ல. விலை போகாத சவுக்குக் கழியை நட்டு, மண் அப்பி, மேலே கீற்றைப் போட்டிருந்தார். அதுபோல் நாலு. ஒன்றில் அக்கா. மற்றதில் லால்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், பாலக்கரைத் தோல்மண்டி பாய் ஒருவர், பொன்மலை ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஒருவர். நாலு பேருக்கும் ஒரே நோய். சாகரபுரியின் ஆதிகுடிகள் இவர்கள்தாம். நண்டுத்திட்டின் ஆதிகுடிகள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவைத் தேற்றியது எது என்று கேட்டால் நான் ஊசி என்பேன். பக்கத்து ஊரிலிருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போவார். அக்காவைக் கேட்டால் அஞ்சலை என்பாள். அஞ்சலை குப்பத்துப் பெண். அக்காவின் வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதே அபூர்வம். அக்காவோ அங்கே அஞ்சலை வைத்த சுறாப்புட்டும் நெத்திலிக் குழம்பும் தின்று தேறினாள். அக்கா குடிசை வாசலிலேயே ஓர் ஊற்று இருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில். ஆனால் அங்கே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். அஞ்சலையின் மாமனார் வீட்டு முன்னோர்கள் பனைமரத் தொட்டியை இறக்கிக் காப்பாற்றி வைத்திருந்த ஊற்று அது. குப்பத்துப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் தண்ணீர் எடுக்க வருவார்கள். வந்தவர்கள் அக்காவோடு பேசுவார்கள். அக்கா அவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள்.

நானும் அப்பாவும் ஒருமுறை பார்க்கப் போனபோது அஞ்சலை தண்ணீர் குடித்துவிட்டு அதே செம்பை அக்காவிடம் நீட்டினாள். அக்கா குடித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். திரும்பும்போது ரயிலில், "அங்க அவ மனுஷியா இருக்கா" என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கும் அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. குணமான பிறகும் தான் திருச்சிக்கு வரமாட்டேன், இந்தக் குடிசை போதும் என்றாள்.

அவள் தேறியதும் நம்மவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அக்காவை ரயிலேற்றி உறையூருக்குக் கூட்டிவந்தார். தெருவே கூடியது. "பாப்பா, மூச்சை நல்லா இழுத்து விடு" என்றார். அக்கா இழுத்து விட்டாள். "இன்னொரு தடவை. எல்லாருக்கும் கேக்கட்டும்." மறுபடி விட்டாள். "பார்த்துக்கங்க. எலும்பும் தோலுமா அனுப்பிச்ச பொண்ணு. நான் போறதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சு? மணல் இருந்துச்சு, நண்டு இருந்துச்சு." என்ன நோய் என்றோ ஊசி என்றோ ஒரு வார்த்தை இல்லை. அஞ்சலையைப் பற்றி இல்லவே இல்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உடைத்த தேங்காயைத் தானே காய்த்ததாகச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அந்த மூச்சு வேலை செய்தது. சாகரபுரி என்ற பேர் திருச்சியில் பரவியது. ஜவுளிக்கடைக்காரர்கள், கான்ட்ராக்டர்கள் எல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அந்த வினாடியிலிருந்து அவருக்கு அந்த நாலு நோயாளிகளும் வேண்டாதவர்கள் ஆனார்கள். நல்ல உடம்போடு வருகிறவன் பக்கத்துக் குடிசையில் இருமல்காரன் இருந்தால் தங்குவானா? வாத்தியாருக்கும் பாய்க்கும் ஃபிட்டருக்கும் ஏதேதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா மட்டும் அசையவில்லை. அவர் அப்பாவிடம் வந்தார்.

"தம்பி, பொண்ணக் கூட்டிக்க. தேறியாச்சு. இனிமே அங்க என்ன?"

"அவ வரமாட்டேங்கறாண்ணே."

"நான் குடுத்த குடிசைதானே?"

"இருக்கட்டும்ணே. வெளியில பேசாம ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா."

அவர் எழுந்து போனார். எங்கள் வீட்டுக்கு வந்து மோர் குடிக்காமல் அவர் போனது அன்றுதான்.

அடுத்த தை பிறந்ததும் திறப்பு விழா என்று ஒரு பஸ் நிறையத் திருச்சிக்காரர்களைக் கூட்டிப்போனார். சித்திரை வீதி மாமியும் வந்தாள். தை அமாவாசை, பர்வ காலம், ஆட்சேபணை இல்லை. அக்காவைப் பார்க்கலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன். குடிசைகளுக்கு வெள்ளையடித்து, புதுக் கீற்று வேய்ந்திருந்தார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் நோய்க்காரர்கள் புழங்கிய இடமாயிற்றே என்று, புரோகிதரை வைத்துக் குடிசை குடிசையாகப் புண்யாகவாசனம் செய்ய ஏற்பாடு பண்ணியிருந்தார். நாங்கள் வருவதற்குள் முடிந்திருக்க வேண்டியது. புரோகிதர் வந்த வண்டி மணலில் மாட்டித் தாமதமாகிவிட்டது. நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது புரோகிதர் மாவிலையும் சொம்புமாக ஒரு குடிசையிலிருந்து இன்னொரு குடிசைக்குப் போய்த் தெளித்துக்கொண்டிருந்தார்.

மாமி அப்படியே நின்றாள்.

"கிருகப்பிரவேசமா?"

"இல்லீங்க, சும்மா சுத்தத்துக்கு."

"புண்யாகவாசனம் சும்மாவா பண்ணுவா? தீட்டு இருந்தாத்தானே? இங்கே யாரு போயிட்டா?"

"யாரும் போகலீங்க. மீன் வாடை. அதுக்காகத்தான்."

அவர் அதைச் சொன்னபோது ஊற்றடியில் குப்பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். அஞ்சலை குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். முன்னால் வந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை. விருந்தாளிகளுக்கு விவரம் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். எனக்கு அவளைத் தெரியும்.

"மீன் வாடையில்லீங்க மாமி. இங்க நாங்க நாலு பேரு இருந்தோம். காசநோய். எல்லாருக்கும் நல்லாயிடுச்சு. அதோ அந்தக் குடிசைல வாத்தியார் இருந்தாரு, இதுல பாய் இருந்தாரு. இவங்க தண்ணி மொண்டு குடுத்து, சோறு பொங்கிப்போட்டுத்தான் பொழச்சோம். நல்ல இடம்ங்க. பயப்படாம தங்குங்க."

அப்புறம் என்ன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரின் சோற்றை அக்கா ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். வாங்கிய இளநீரைக் குடிக்காமல் மணலில் வைத்துவிட்டுச் சனங்கள் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். ஒரு கான்ட்ராக்டர் ஓடினார். அமாவாசை ஸ்நானம்கூட யாரும் செய்யவில்லை. நம்மவர் அக்காவைத் திட்டவில்லை. புரோகிதரிடம் மட்டும், "ஆச்சுல்ல, கெளம்புங்க" என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஏன் எல்லாரும் போறாங்க? நல்லாயிடுச்சுன்னுதானே சொன்னேன்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், தஞ்சாவூர் நெருங்கும்போது மாமிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வேடிக்கையைப் பார்த்தேளா. ஒரு ராஜகுமாரி வந்து வியாதி தீர்ந்து போயிருந்தா அதை க்ஷேத்ரம்னுவா, தீர்த்தம்னுவா. பக்கத்தாத்துப் பொண்ணுக்குத் தீர்ந்ததுன்னா ஒட்டுவாரொட்டின்னு ஓடறோம்."

எல்லாரையும் சேர்த்துக் குத்துவதற்காக அவள் அதைச் சொன்னாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நம்மவர் சிரிக்கவில்லை. திரும்பி மாமியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆடி பிறப்பதற்குள் கதை தயாராகிவிட்டது. சோழராஜா ஒருவனுக்கு ஒரே மகள். அவளை க்ஷயரோகம் பிடித்தது. கைப்பிடித்தவனும் கைவிட்டான். அவள் கிழக்கே நடந்து நடந்து கடல் வரைக்கும் வந்தாள். அவள் கால் வைத்த இடத்தில் நல்ல தண்ணீர் ஊற்று கிளம்பியது. அதில் குளித்து, கடலிலும் தினம் முழுகி எழுந்தாள், நோய் பறந்தது. ராஜகுமாரியே அன்றாடம் முழுகிய துறை என்பதால் அங்கே பர்வ காலம் பார்க்கவேண்டியதில்லை, எந்த நாளும் குளிக்கலாம். மாமியின் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே கதையில் பதில். கதை சொல்லிப் பிழைக்கிற பாகவதர் ஒருவரைப் பிடித்து இதை ஊர் ஊராகச் சொல்லவைத்தார். லால்குடியில் நடந்தது, மணப்பாறையில் நடந்தது, சமயபுரத்தில் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே நடந்தது.

உறையூரில் நடந்ததற்கு அம்மா போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பாவம்டி அந்த ராஜகுமாரி. புருஷனே துரத்திட்டானாம்."

"அம்மா, அது அக்கா."

"இது சோழராஜா காலத்துக் கதைடி."

"ஊத்து, இருமல், விட்டுட்டுப் போன புருஷன். எல்லாம் அக்காம்மா. அந்த ஆளு அக்காவை எடுத்து வித்துக்கிட்டிருக்காரு."

அம்மா கேட்கவில்லை. அக்காவுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும் என்று ராஜகுமாரியை வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். "உன் பொண்ணுக்காக உன் பொண்ணுகிட்டயே வேண்டிக்கிறியா?" என்று கத்தினேன். "சாமி விஷயத்துல வாயை வைக்காத" என்றாள். பெற்றவளையே நம்பவைத்துவிட்டார். அந்தத் திறமையை நான் ஒப்புக்கொள்கிறேன். பாம்புக்கும் திறமை உண்டு.

தீர்த்தம் என்று சொல்லியாகிவிட்டது, ஊற்று வேண்டுமே. ஊற்று இருந்தது அக்கா வாசலில். ராஜகுமாரி குளித்த இடத்தில் ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டு, போதாக்குறைக்கு "எனக்குத்தாங்க காசநோய் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி?

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். அவரே அக்காவுக்கு ஆள் அனுப்பினார், அவரே ரயிலேற்றி வைத்தார். "தங்கச்சி கல்யாணம், நாலு நாள் கூட இருந்துட்டு நிதானமா வா பாப்பா" என்றாராம். அக்கா மகிழ்ந்துபோய்ச் சொன்னாள். கல்யாணத்துக்கு வந்து முன்னால் நின்று, பந்தி விசாரித்து, எனக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தார். உறவுக்காரர்கள் அக்காவைக் கண்டு இலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் பொறுத்துக்கொண்டாள். திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறவள் எதையும் பொறுத்துக்கொள்வாள்.

மறுவீடு முடிந்து அவள் போனாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். கையில் இரண்டு புடவை, ஒரு செம்பு. அவற்றை அஞ்சலை எடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தாளாம். குடிசை இருந்த இடத்தில் செங்கல் மேடை எழும்பியிருந்தது. ஊற்றைச் சுற்றிச் சுவர் வைத்துப் பூட்டியிருந்தது. தண்ணீருக்குக் குப்பத்துப் பெண்கள் முகத்துவாரத்தைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. தடுக்கப் போன ஆண்களின் மேல் போலீஸில் எழுதிக்கொடுத்திருந்தார்.

விஷயம் கேட்டு நான் மாமியார் வீட்டிலிருந்து நேரே அவருடைய மரவாடிக்குப் போனேன். புதுத்தாலியோடு போய் நடுரோட்டில் நின்று கேட்டேன். "அக்கா குடிசை எங்க?" என்றேன். ரம்பத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவர் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"எந்தக் குடிசைம்மா?"

"எங்கக்கா நாலு வருஷமா இருந்த குடிசை."

"அங்க குடிசைன்னு ஒண்ணும் இருக்கலியேம்மா. நான் போனப்ப வெறும் மணல்தான்."

அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். இவர் முகத்தில் அந்த அடையாளமே இல்லை. நான் அடித்திருந்தால்கூட ஏன் அடிக்கிறாய் என்று நிஜமாகவே கேட்டிருப்பார். அன்றிலிருந்து அவரை வெறுக்கிறேன். அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. அந்த வெறுப்பில் இன்னும் ஒரு பொட்டுக் குறையவில்லை. குறையவும் வேண்டாம்.

அக்கா பின்கட்டு அறைக்கே திரும்பினாள்.  அந்தக் கீறல் போட்ட டம்ளர் மறுபடி மாடத்தில் ஏறியது. அவள் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தாள். விஷயம் தெரிந்த வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவில்லை. தைக்கக் கற்றுக்கொண்டாள். துணிக்கு நோய் ஒட்டாது போலிருக்கிறது.

சாகரபுரி வளர்ந்தது. நேரே பஸ் வந்தது. லாட்ஜ் வந்தது. சினிமாக்காரர்கள் படம் பிடிக்க வந்தார்கள். ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் கோடையில் ஆத்தைப் பூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் தங்கி, அன்றாடம் சமுத்திர ஸ்நானம் செய்துவிட்டு வந்தன. சித்திரை வீதி மாமி மட்டும் போகவில்லை என்று கேள்வி. "நான் விளையாட்டுக்குச் சொன்னதை அவன் கோயிலாக் கட்டிட்டானே" என்று கோபுர வாசலில் அம்மாவிடம் சொன்னாளாம். அம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை.

அம்மா இறந்துபோனது அறுபதுகளின் கடைசியில். சாமி மாடத்தை ஒழிக்கும்போது அந்த மஞ்சள் முடிச்சு அகப்பட்டது. நான் அதைக் காவிரியில் போடப் போனேன். அக்கா விடவில்லை.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். கொண்டுபோய்ச் சேர்த்துடலாம்."

"உனக்குத் தெரியாதா அது என்னன்னு?"

"அம்மாவுக்குத் தெரியாதில்ல. அவளுக்காகத்தான். அப்படியே அஞ்சலையையும் பார்த்துட்டு வரலாம்."

போனோம். குப்பம் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அஞ்சலை இறந்துவிட்டாள் என்று அவள் மருமகள் சொன்னாள். அக்கா மணலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கோயிலுக்கு வந்தோம். கோயில் என்ன கோயில். ஒரு மண்டபம், உள்ளே பட்டுப் புடவை சுற்றிய பெண் சிலை, காலடியில் கம்பிபோட்ட ஊற்று. வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற மணப்பாறை அம்மாள் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கதை சொல்ல ஆரம்பித்தாள். புருஷன் கைவிட்டதைச் சொல்லும்போது அவனுக்கு ஒரு சாபமும் விட்டாள்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்றாள்.

"நோவு தீந்ததும் இந்தத் தொறையில எறங்கி அப்பிடியே கடலுக்குள்ள நடந்து போயிட்டாங்க. சாமியாயிட்டாங்க. ஒடம்பே கெடைக்கலியாம்."

பாகவதர் உறையூரில் சொன்ன கதையில் இந்த முடிவு கிடையாது. நம்மவர் பிறகு சேர்த்திருக்கிறார். நான் அக்காவைப் பார்க்கத் துணியவில்லை. அவள் முடிச்சைக் கையில் இறுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

சிலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்திருந்தார். நரைத்திருந்தார்; உடம்பு தளர்ந்திருந்தது. கண்ணில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. வருகிறவர்களின் கையில் குங்குமம் வைத்து, ஊர் விசாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா உண்டியலில் முடிச்சைப் போட்டுவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள். கைநீட்டினாள். அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன், நன்றாகப் பார்த்தார். குங்குமத்தை உள்ளங்கையில் வைத்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"இந்த ஊருதாங்க," என்றாள் அக்கா.

"இந்த ஊரா?" அவர் சிரித்தார். "இந்த ஊர்ல எனக்குத் தெரியாத ஆளு யாரும்மா இருக்கா? நகருங்க, பின்னால நிக்கிறாங்க."

சொல்லிவிட்டு அடுத்த சிட்டிகையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.